எதிர்க்கடை

கடை வைக்க மீரான் மைதீன் கடைசியாகக் காட்டிய இடத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அம்சவல்லி சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அது யாரு எடம்ண்ணே?"

சுரங்க நகரியத்தின் வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் தொடங்குகிற கடைத்தெரு அது. அவள் காட்டியது பூட்டிக் கிடந்த ஒரு கடை. ஷட்டர் துருப்பிடித்திருந்தது. நேர் முன்னால் ஒரு மின்கம்பம். செல்போன் கடை, பழச்சாறுக் கடை, செருப்புக் கடை என்று அங்கே யார் வந்தாலும் ஒரு வருடம் தாங்குவதில்லை.

மீரான் மைதீன் வடலூர்க்காரர். நைட்டி, பாவாடை, குழந்தைகள் துணி எல்லாம் மொத்தமாக வாங்கி வந்து இந்தப் பக்கத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். எந்தக் கடை எதனால் ஓடுகிறது, எது எதனால் படுத்துவிட்டது என்று அவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

"அந்த எடமா?" என்று சிரித்தார். "ஷிப்டு முடிஞ்சி வர்றவங்க வூட்டுக்குப் போவும்போதுதான் தங்கச்சி துணி எடுப்பாங்க. வேலைக்குப் போவும்போது எவனும் வண்டிய நிறுத்தமாட்டான். அவங்க வூட்டுக்குப் போறது இந்தப் பக்கம். நீ காட்டுறது வேலைக்குப் போற பக்கம். சாயங்கால வெயில் வேற நேரா உள்ள அடிக்கும். கண்ணாடிக்குள்ள தொங்கவுட்ட துணியெல்லாம் ஒரு மாசத்துல வெளுத்துப் போயிடும். எல்லாத்துக்கும் மேல எதிர்ல யாரு இருக்கான்னு பாத்தியா?"

பார்க்காமல் என்ன? எதிரில் இருந்தது கொளஞ்சியப்பனின் ரெடிமேட் கடை. இரண்டு மாடி. அந்தக் கடையில் அம்சவல்லி ஒன்பது வருடம் வேலை பார்த்தவள்.

"அது கடைக்கு ஆவாத எடம்மா" என்றார் மீரான் மைதீன்.

"எனக்கு ஆவணும்னு நான் பாக்கலண்ணே. அவனுக்கு ஆவாம போவணும். அதுக்கு அந்த எடம்தான் சரி."

மீரான் மைதீன் சாலையைத் தாண்டி அந்தக் கடைப் பக்கம் நடந்தார். அவருக்குப் பழைய கதை தெரியும். அந்தக் கடைத்தெருவில் பலருக்கும் அது தெரிந்திருந்தது. மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

எனக்கு அம்சவல்லியைத் தெரிந்தது என் மகளுக்குப் பள்ளிச் சீருடை எடுக்கப் போன வகையில்தான். கொளஞ்சியப்பன் கடையின் முதல் மாடியில் சீருடைப் பிரிவில் நின்றிருப்பாள். ஒல்லியான உடம்பு, உரக்கப் பேசாத குரல். பிள்ளையின் தோளைக் கண்ணால் பார்த்தே அளவு எடுத்துக் கொடுப்பாள். கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். அவள் கணவர் ராஜாங்கம் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. பர்மனென்ட் ஆகும் ஆகும் என்று பல வருடம் காத்துக்கொண்டிருந்தவர்.

கொளஞ்சியப்பன் கடையில் வேலை செய்கிற பெண்கள் உட்காரக் கூடாது. கடை திறந்ததிலிருந்து மூடும்வரை நிற்க வேண்டும். சாப்பாட்டுக்குப் போகிற நேரத்தைத் தவிர வேறு எப்போதும் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆள் இல்லாத மத்தியான நேரத்தில்கூட, அடுக்கிய துணியையே கலைத்துத் திரும்ப அடுக்கிக்கொண்டு நிற்பார்கள். உட்கார்ந்தால் சோம்பேறித்தனம் வந்துவிடும் என்பது முதலாளியின் கணக்கு. கீழே கல்லாவில் உட்கார்ந்தபடி கேமரா திரையில் ஒவ்வொரு மாடியையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அம்சவல்லி முழுகாமல் இருந்தாள். ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது தீபாவளி வந்தது. போனஸ் போட்டுவிட்டால் நகரியமே துணிக்கடையில்தான் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், இடுப்பு கழன்றுவிடும் போலிருந்ததால், பிரிக்காத துணி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள். திரையில் பார்த்த கொளஞ்சியப்பன் மாடியேறி வந்தார்.

"ஏம்மா, ஒக்காரணும்னா வூட்லயே ஒக்காந்துக்கினு இருக்கலாம்ல? இங்க எதுக்கு வர?"

"கொஞ்சம் இடுப்பு வலிங்க மொதலாளி. ஒரு நிமிசம்."

"உனுக்கு மட்டும்தான் இடுப்பு இருக்குதா? எறங்கி வா கீழ."

துணி எடுக்க வந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவளைக் கீழே அழைத்துப் போய்க் கடைவாசல் படியில் நிறுத்தினார். வருகிறவர்களைக் கும்பிட்டு உள்ளே கூப்பிடுகிற வேலை. வழக்கமாக அதை மாற்றி மாற்றிச் செய்வார்கள். அன்றைக்கு அவளை மாற்ற யாரையும் விடவில்லை. கடை மூடும்வரை அம்சவல்லி படியிலேயே நின்றாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இரத்தம் படத் தொடங்கியது. குழந்தை தங்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தையே உண்டாகவில்லை.

"நின்னதாலதான் இப்படி ஆச்சின்னு சொல்ல முடியாதும்மா" என்றார் மருத்துவர். "வேற காரணமும் இருக்கலாம்." ராஜாங்கம் அதைப் பிடித்துக்கொண்டார். விதி என்று எடுத்துக்கொள்ள அவருக்கு அது வசதியாக இருந்தது. அம்சவல்லி மருத்துவரோடு வாதாடவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியும்.

கொளஞ்சியப்பன் வந்து பார்க்கவில்லை. பொங்கல் வியாபாரம் வருகிறதே, வேலைக்கு வருவாளா மாட்டாளா என்று ஆள்விட்டுக் கேட்டார்.

அவள் திரும்பிப் போனாள். எல்லாருக்கும் அதுதான் புரியவில்லை. "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அந்தக் கடைக்குப் போற?" என்று ராஜாங்கமே கேட்டார். மறுபடி நின்றாள். ஆனால் இந்தத் தடவை வேலை கற்றுக்கொள்ள நின்றாள். துணி எந்த ஊரிலிருந்து வருகிறது, எந்த மாதம் எது போகும், எந்த அளவு தேங்கும், எந்த வாடிக்கையாளர் எதைக் கேட்டு இல்லையென்று திரும்புகிறார் என்பதையெல்லாம் பார்த்தாள். உட்காரும் உரிமைக்குச் சட்டம் வந்த வருடம் அவள் அங்கேதான் இருந்தாள். அதிகாரி வந்தால் காட்டுவதற்கென்று இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து, அதன் மேல் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்தார் கொளஞ்சியப்பன். அதையும் பார்த்தாள். முதலாளிக்கு அவள் மேல் நல்ல அபிப்பிராயம்கூட வந்துவிட்டது. மற்ற பெண்களிடம், "அம்சவல்லியப் பாருங்க, வாயத் தெறந்து ஒரு வார்த்த பேசுறாளா?" என்பாராம்.

ராஜாங்கத்தின் நிலம் சுரங்கத்துக்குப் போய், அதற்கான தொகை வங்கியில் கிடந்தது. வீட்டை இடித்துக் கட்டலாம் என்று அவர் நினைத்திருந்தார். கடை வைக்க வேண்டும் என்று அவள் கேட்டபோது மனுஷர் மறுக்கவில்லை. பல வருடங்களில் அவள் அவரிடம் கேட்ட முதல் காரியம் அது. ஆனால் இடத்தைப் பார்த்ததும் அவரும் தயங்கினார்.

"அம்சா, ஊர்ல வேற எடமே இல்லையா? காலையில எழுந்தா அந்தாளு மூஞ்சிலதான் முழிக்கணும்."

"அவன் என் மூஞ்சில முழிக்கட்டுங்க" என்றாள்.

கடை திறந்த அன்று கொளஞ்சியப்பன் வெளியே வந்து, இடுப்பில் கைவைத்து, பெயர்ப்பலகையை மேலிருந்து கீழாகப் பார்த்தாராம். "நம்ம கடையில துணி மடிச்சவ நம்மளுக்கு எதிர்ல கடையா?" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சிரித்தார். முதல் சில மாதங்கள் அவர் சிரித்ததில் தப்பில்லை. மீரான் மைதீன் சொன்ன எல்லாமே நடந்தது. வீடு திரும்புகிற கூட்டம் எதிர்ப்பக்கம் போயிற்று. சாயங்கால வெயில் துணியை வெளுத்தது. கீற்றுத் தட்டி கட்டி மறைத்தால் கடையே தெரியவில்லை. போதாததற்குக் கொளஞ்சியப்பன் தன் லோடு வண்டியைக் கொண்டுவந்து அவள் கடைக்கு முன்னால் நிறுத்த ஆரம்பித்தார்.

அம்சவல்லி வண்டியைப் பற்றிச் சண்டை போடவில்லை. கொளஞ்சியப்பன் கடையில் எதெல்லாம் கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும். தடித்த உடம்புக்காரர்களுக்கான பெரிய அளவுத் துணிகளை அவர் வாங்கவே மாட்டார், தேங்கும் என்று பயம். சிறுபிள்ளைகளுக்கு வெறும் பருத்தியில் உள்ளாடை வைக்கமாட்டார். நகரியத்தில் இருக்கிற கல்லூரிப் பெண்கள் கேட்கிற நீளமான குர்த்தி வைக்கமாட்டார். அவள் இதையெல்லாம் வாங்கி வைத்தாள். அங்கே கேட்டு இல்லையென்று வெளியே வருகிறவர்களுக்கு, படியிறங்கும்போதே எதிரில் அது தொங்குவது தெரியும்படி மாட்டினாள். அந்த வழியில் ஒவ்வொருவராகச் சாலையைத் தாண்டத் தொடங்கினார்கள். நானும் அப்படித் தாண்டியவள்தான்.

வியாபாரம் பிழைத்தது. ஆனால் அவள் இடம் பிடித்தது அதற்காக மட்டும் இல்லை என்பது நாற்காலிகள் வந்த அன்றுதான் ராஜாங்கத்துக்குப் புரிந்தது.

வேலைக்கு வைத்த இரண்டு பெண்களுக்கும் மெத்தை வைத்த, சாய்ந்துகொள்கிற நாற்காலிகள் வாங்கினாள். இன்னும் நாலைந்து காலி நாற்காலிகளும் சேர்த்து வாங்கினாள். எல்லாவற்றையும் கடையின் முன்பக்கம், கண்ணாடியை ஒட்டி, தெருவைப் பார்த்து வரிசையாகப் போட்டாள்.

"உள்ள தள்ளிப் போட்டா எடமாவது மிஞ்சும்ல" என்றார் ராஜாங்கம்.

"உள்ள போட்டா அவங்களுக்குத் தெரியாதுங்க."

எதிரில் கொளஞ்சியப்பன் கடைவாசலிலும் தரைத்தளத்திலும் நிற்கிற பெண்களுக்கு நாள் முழுக்கப் பார்க்கக் கிடைத்தது அந்த வரிசைதான். ஆள் வந்தால் எழுந்து துணி காட்டிவிட்டு, ஆள் போனதும் சாவகாசமாக உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிற இரண்டு பெண்கள். பக்கத்தில் காலியாக இருக்கிற நாற்காலிகள்.

முதலில் வந்தவள் காந்திமதி. கொளஞ்சியப்பன் கடையில் அம்சவல்லிக்கு அடுத்தபடியாகப் பழைய ஆள். நின்று நின்று கெண்டைக்காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். ஆடித் தள்ளுபடி முடிந்த ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் சாலையைத் தாண்டி வந்தாள்.

"அக்கா, இங்க வந்துடறன்க்கா. முடியல. வீங்கிப் போயி செருப்பு நுழைய மாட்டங்குது. நான் மட்டும் இல்ல, கீழ இருக்கிற எல்லாரும் வரம்னு சொல்றாங்க."

அம்சவல்லி அவளை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தாள். காலைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"எல்லாரும் வாங்க. ஆனா இப்ப வேணாம். தீபாவளிக்கு முந்தின வாரம் வாங்க. போனஸ் போட்ட மறுநாளு."

காந்திமதிக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது முகம் ஒரு மாதிரி ஆனது. "அதுவரைக்குமாக்கா?" என்றாள்.

"அதுவரைக்கும் பல்லக் கடிச்சிக்கினு நில்லுடி. நான் நிக்கலையா?"

போனஸ் போட்ட மறுநாள் காலை, கொளஞ்சியப்பன் கடையின் பெண்கள் தங்கள் கடைச் சீருடைப் புடவைகளை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, வீட்டுப் புடவையில் வந்தார்கள். ஒருத்தி பின் ஒருத்தியாகக் கல்லா மேசையில் புடவையை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் சாலையைத் தாண்டி வந்தார்கள். அம்சவல்லி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். கொளஞ்சியப்பன் எழுந்து வாசல்வரை வந்து, "ஏய், எங்க போறீங்க? நில்லுங்கடி!" என்று கத்தியது இரண்டு பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் கேட்டது.

அந்த வாரம் அவர் கடையில் நடந்ததை நான் நேரில் பார்த்தேன். அவர் மனைவியும் மருமகளும் துணி காட்டிக்கொண்டிருந்தார்கள். எந்த அளவு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பிரித்த துணி மலைபோலக் குவிந்தது. ஜனங்கள் கத்திப் பார்த்தார்கள், காத்துப் பார்த்தார்கள், பிறகு எதிர்ப்பக்கம் போனார்கள். எதிரில், எது எங்கே என்று கேட்காமலே எடுத்துக் கொடுக்கிற அத்தனை கைகளும் இருந்தன. தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் கொளஞ்சியப்பன் தன் கடையில் தானே படியில் நின்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்சவல்லி வேலையைக் காந்திமதியிடம் விட்டுவிட்டு, தெருவைப் பார்த்த நாற்காலி ஒன்றில் வந்து உட்கார்ந்தாள். அவர் களைத்து உள்ளே போகிறவரை உட்கார்ந்திருந்தாளாம். அவளே என்னிடம் சொன்னது.

தீபாவளி கழிந்து, தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மத்தியானம், கொளஞ்சியப்பன் சாலையைத் தாண்டி அவள் கடைக்கு வந்தார். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் வருடக்கணக்கில் காத்திருந்தாள். வந்தால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். அவரை நிற்க வைத்துப் பேச வேண்டும் என்பதும் அதில் ஒன்று. ஆனால் அவர் யாரும் சொல்வதற்கு முன்பே மூச்சு வாங்கியபடி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா அம்சவல்லி, உனுக்கு நான் என்னாம்மா கெடுதல் பண்ணன்? வேல குடுத்தன். தொழிலு கத்துக்கிட்ட. நல்ல பொண்ணுன்னு நாலு பேருகிட்ட சொல்லியிருக்கன்."

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"ஒரு தீபாவளிக்கு என்ன வாசல்ல நிக்க வெச்சீங்களே."

"எத்தினியோ பேர நிக்க வெச்சிருக்கன். ஏவாரம்னா நிக்கத்தான் வேணும்."

"நான் முழுகாம இருந்தன்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். ஏதோ ஞாபகம் வந்ததுபோல் இருந்தது. "ஆமா, யாருக்கோ கலைஞ்சி போச்சின்னு சொன்னாங்க. நீயா அது?"

"நான்தாங்க."

"டாக்டரு அதனாலதான்னு சொன்னாரா?"

"டாக்டரு சொல்லல. நான் சொல்றன். அஞ்சு மாசம். இடுப்பு வலின்னு சொன்னன். படியில நிக்க வெச்சீங்க. பஸ்ல போவும்போதே ஆரம்பிச்சிடுச்சி. அதுக்கப்புறம் எனக்கு இல்ல."

கடையில் இருந்த பெண்கள் எல்லாரும் துணி மடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"அதுக்காவவா இவ்ளோ செலவு பண்ணி எனக்கு எதிர்ல கட வெச்ச?"

"ஆமாங்க."

அவர் எழுந்து போனார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. அம்சவல்லிக்கும் அது தேவைப்படவில்லை. அவளை உறுத்தியது வேறு. இத்தனைக்கும் பிறகு அவரிடம் தன் வாயில் 'ங்க' வந்துவிட்டதே என்று அன்று முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"மனசு ஆறிச்சா?" என்று நான் பிறகு ஒரு நாள் கேட்டேன். யோசித்தாள். "அவருக்கு ஞாபகமே இல்லங்க. இப்ப ஞாபகம் இருக்கும். அந்த மட்டும் சரி" என்றாள்.

பொங்கலுக்கு முன்பே கொளஞ்சியப்பன் அந்தக் கட்டிடத்தைக் காலி செய்தார். தீபாவளிக்கு எடுத்த சரக்கு அப்படியே தேங்கியிருந்தது. மகனுக்குத் துணி வியாபாரத்தில் விருப்பம் இல்லை. அவர் போனதும் அம்சவல்லிக்கு இடி வேறு பக்கத்தில் விழுந்தது. அவர் கடைக்கு வந்து கிடைக்காமல் இங்கே தாண்டி வந்தவர்கள்தானே அவளுடைய பாதி வாடிக்கை? பெரிய கடை இல்லாத இடத்தில் வண்டியை யாரும் நிறுத்தவில்லை.

மீரான் மைதீன் வந்தார். "இப்பயாவது என் பேச்சக் கேளு. அந்தக் கட்டிடத்துல கீழ்த்தளத்த மட்டும் புடி. வூட்டுக்குப் போற பக்கம், காலை வெயில்தான், சாயங்காலம் நெழல். இந்த ரோட்டுலயே அதவிட நல்ல எடம் கெடையாது."

அவள் எடுத்துக்கொண்டாள். எடுத்த உடனே செய்த முதல் வேலை வாசல்படியை உடைத்தது. கட்டிடச் சொந்தக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை, நல்ல கருங்கல் படி, எதற்கு உடைக்கிறாய் என்றார். காலிசெய்யும்போது புதுப்படி கட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, கொத்தனார் உடைத்து முடிகிறவரை பக்கத்திலேயே நின்றாள். இப்போது அங்கே சரிவான தரைதான். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு வருகிற தாய்மார்கள் நேராக உள்ளே போகிறார்கள்.

கடை நன்றாக ஓடுகிறது. ராஜாங்கம் காண்ட்ராக்ட் வேலையை விட்டுவிட்டுக் கல்லாவில் உட்காருகிறார். ஒரு வருடம் கழிந்து இன்னொரு கிளை வைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது மந்தாரக்குப்பத்தில் ஒரு இடம் இருப்பதாக மீரான் மைதீன் சொன்னார். அம்சவல்லி அங்கே போகாமல், தைப்பூசம் கழிந்த வாரம் தனியாகப் பஸ் ஏறி வடலூர் போய்வந்தாள். அங்கே ஒரு சந்துக்குள் கொளஞ்சியப்பன் சின்னதாக ஒரு கடை போட்டிருந்தார். பாவாடை, துண்டு, கைக்குட்டை. வேலைக்கு ஆள் இல்லை, அவரும் மனைவியும்தான். எதிரில் ஒரு ஷட்டர் மூடியிருந்தது. வாடகைக்கு என்று எழுதி எண் போட்டிருந்தார்கள்.

திரும்பி வந்து அவள் அதைச் சொன்னபோது மீரான் மைதீன் கையெடுத்துக் கும்பிட்டார். "எடம் பாத்துக் குடுக்கறதும் என் தொழிலுதான் தங்கச்சி. ஆனா இதுக்கு நான் வரமாட்டன். கெழவன் துண்டு வித்துப் பொழைக்கிறான். வுட்டுடு."

அம்சவல்லி காந்திமதியைப் பார்த்தாள். புதுக் கிளைக்கு அவளைத்தான் பொறுப்பாளராகப் போடுவதாக இருந்தது.

காந்திமதி துணியை மடித்தபடியே சொன்னாள். "மந்தாரக்குப்பம்னா வரன்க்கா. வடலூருன்னா வரல. ஆடியிலேயே வரன்னு சொன்னன். தீபாவளி வரைக்கும் நிக்க வெச்ச. அந்தாளு நிக்க வெச்சது ஏவாரத்துக்கு, நீ நிக்க வெச்சது உன் ஆத்திரத்துக்கு. என் காலுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ராஜாங்கம் கல்லாவில் சில்லறையைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். அம்சவல்லி முகம் கறுத்து உள்ளே போனாள். அன்று முழுக்கக் காந்திமதியோடு பேசவில்லை. மறுநாள் வந்து, "காலுக்கு எந்த டாக்டர்கிட்ட காட்டுற?" என்று மட்டும் கேட்டாள். அந்த வாரமே கடலூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கிளை மந்தாரக்குப்பத்தில்தான் திறந்தது. திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் அம்சவல்லி கையாலேயே கேசரி கொடுத்தாள். கூட்டம் குறைந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, செல்போனில் யாருடைய எண்ணையோ தேடினாள். திரையில் 'வடலூர் எடம்' என்று ஒரு பெயர் நகர்ந்து போனதைப் பார்த்தேன். அந்த ஷட்டரின் எண்.

"இன்னும் வெச்சிருக்கீங்களா?" என்றேன்.

"வெச்சிருக்கன். மாசா மாசம் போன் பண்ணி, காலியா இருக்கான்னு கேட்டுக்குவன்" என்றாள். பிறகு தேடிய எண் கிடைத்து, கொத்தனாரைக் கூப்பிட்டு, இந்தக் கடையின் வாசலையும் சரிவாக மாற்ற எப்போது வருகிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்தாள்.